அடைப்புக்குறிக்குள் பொறுப்பு

சௌந்தரத்தின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் வந்த வினை எல்லாம் அதனால் வந்ததுதான்.

கள்ளிச்செவல், பந்தல்குடியிலிருந்து கிழக்கே திரும்பும் மண் ரோட்டில், வந்தால் வரும் பஸ்ஸில் ஏறி, நின்றால் நிற்கும் இடத்தில் இறங்கிப் போக வேண்டிய ஊர். அந்த ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்கு எட்டு வகுப்பும், மூன்று வாத்தியார்களும், முப்பத்தாறு ரிஜிஸ்டரும் உண்டு. வாத்தியார்களில் ஒருவர் எப்போதும் கணக்கெடுப்பில் இருப்பார். ஆள் கணக்கு முடிந்தால் மாட்டுக் கணக்கு, மாடு முடிந்தால் ஓட்டுக் கணக்கு. இன்னொருவர் சங்கத்தில் பெரும் புள்ளி. ஆசிரியர்களின் உரிமைக்காக வருஷம் முழுவதும் வெளியூரில் பாடுபட்டார். மிச்சம் இருந்தது சண்முகவேல் சார் ஒருவர். அவருக்கு ரிஜிஸ்டர் எழுதவே நேரம் போதவில்லை.

சௌந்தரம் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, கரும்பலகையில் இருந்ததை அவள் நோட்டில் எழுதியிருந்ததைச் சண்முகவேல் சார் ஒரு நாள் தற்செயலாகப் பார்த்தார். அச்சுக் கோத்த மாதிரி இருந்தது. அன்றோடு அவளுடைய படிப்பு முடிந்து உத்தியோகம் ஆரம்பமாகிவிட்டது.

போன வருஷத்துப் பாடக் குறிப்பைப் பார்த்து இந்த வருஷத்துப் பாடக் குறிப்பை எழுதுவாள். தேதியை மட்டும் சார் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுப்பார், அதையும் பார்த்து எழுதுவாள். இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது என்றால் நாற்பது பிள்ளைகளின் கட்டுரை நோட்டையும் அவளே எழுதி முடிப்பாள். சுவரில் இருந்த பொன்மொழிகள், சத்துணவுக் கூடத்து வாசலில் ‘கை கழுவுக’, பின்பக்கத்து வெறுஞ்சுவரில், என்றைக்காவது கட்டினால் இருக்கட்டும் என்று ‘கழிப்பறை’, எல்லாம் அவள் கைவண்ணம். ஐந்து வருஷத்தில் அந்தப் பள்ளிக்கூடத்தில் எழுதப்பட்டதில் முக்கால்வாசி அவள் எழுதியது. அதில் ஒரு வார்த்தையைக்கூட அவளுக்குப் படிக்கத் தெரியாது. இது யாருக்கும் தெரியாமல் போனதற்குக் காரணம், யாரும் அவளைப் படிக்கச் சொன்னதே இல்லை.

1992 மே மாதம் எட்டாம் வகுப்பில் தேறி வெளியே வந்தாள். அந்த வருஷம் தேர்ச்சி நூற்றுக்கு நூறு. அதற்கு முந்தின வருஷமும் நூற்றுக்கு நூறு. எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு இருந்ததால், பள்ளிக்கூடத்துக் கூரையைத் தாங்கிய தூணைப் பதிவேட்டில் சேர்த்திருந்தால் அதுவும் தேறியிருக்கும்.

அவளுடைய அம்மா சந்தனம்மாளுக்குக் கரிமூட்டத்தில் வேலை. வேலிக்கருவையை வெட்டி அடுக்கி, மேலே மண் மெழுகி, உள்ளே தீ வைத்து, புகையைக் குடித்துக்கொண்டே நாள் கணக்கில் காவல் கிடந்து கரியாக்குகிற பிழைப்பு. புருஷன் செத்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. அவனையும் அந்த இருமல்தான் கொண்டுபோனது. சந்தனம்மாள் உலகத்தில் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: மகள் அந்தப் புகைக்குள் வந்துவிடக் கூடாது. அதற்காகத்தான் எட்டு வருஷம் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். ஒரு நாள்கூட வேலைக்கு நிறுத்தவில்லை.

அருப்புக்கோட்டையில் அப்துல் பாரிக்குப் பலசரக்கு மொத்தக் கடை. சுற்றுப்பட்டுக் கிராமத்துக் கடைக்காரர்கள் வேண்டிய சாமானைச் சிட்டையில் எழுதி அனுப்புவார்கள். அந்தச் சிட்டையைப் படித்து, சாமானை எடுத்து மூட்டை கட்ட ஒரு பெண் வேண்டும் என்று கேள்விப்பட்டு, சந்தனம்மாள் மகளையும் மகளின் சான்றிதழையும் கூட்டிக்கொண்டு போனாள்.

பாரி ஒரு சிட்டையை எடுத்து நீட்டினார். “இதைப் பாரு தாயி.”

சௌந்தரம் பார்த்தாள். பிறகு, கேட்காமலே ஒரு தாளை எடுத்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து, மளமளவென்று எழுதி நீட்டினாள். பாரி அசந்துபோனார். கடைக்காரன் கிறுக்கின கிறுக்கல், அவள் கையில் கல்யாணப் பத்திரிகையாக மாறியிருந்தது.

“மாஷா அல்லாஹ்! என்ன எழுத்து, என்ன எழுத்து! சரி, இப்ப படி.”

“படிக்கவா?” என்றாள் சௌந்தரம். குரங்கைப் போல மரத்தில் ஏறச் சொன்னால் எப்படி விழிப்பாளோ அப்படி விழித்தாள்.

“மொத வரியில என்ன இருக்கு? மல்லியா, மிளகா, மிளகா வத்தலா?”

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவளைப் பார்த்தாள். “சொல்லுத்தா. நீ எழுதுனதுதான?” என்றாள் சந்தனம்மாள்.

“எழுதத்தான்மா சொல்லுவாக. படிக்கச் சொல்ல மாட்டாக.”

பாரிக்குக் கோபம் வந்தது, ஆனால் அந்தப் பிள்ளை மேல் வரவில்லை. “எட்டு வருசமா இந்தப் பிள்ளைய என்னதான் செஞ்சாங்க?” என்றார். “இந்தா சந்தனம்மா, இப்ப ஆடி வரப்போகுது, யாவாரம் மந்தம். ஆவணி பொறந்தா கல்யாணச் சாமானு, எனக்கு மூச்சு விட நேரமிருக்காது. அது வரைக்கும் எடத்தை வச்சிருக்கேன். சிட்டை படிக்கிற அளவுக்கு வந்துருச்சுன்னா வேலை இதுக்குத்தான். பள்ளிக்கூடத்துக்குப் போ. இதுக்கு யாரு பொறுப்புன்னு கேளு. அவுககிட்ட விடு. எட்டு வருசம் வச்சிருந்தவுகளுக்கு ரெண்டு மாசம் சொல்லிக்குடுக்க ஏலாதா?”

யார் பொறுப்பு என்று கேட்கச் சொன்னார். சந்தனம்மாளும் அப்படியே போய்க் கேட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு.

“சார், இங்க யாரு பொறுப்பு?”

சண்முகவேல் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நான்தான் பொறுப்பு.”

சந்தனம்மாளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஒரே கேள்வியில் ஆள் கிடைத்துவிட்டார். விஷயத்தைச் சொன்னாள். சண்முகவேல் சார் முழுவதையும் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

“நான் பொறுப்புன்னு சொன்னேனே தவிர, நான் பொறுப்புன்னு சொல்லலியேம்மா.”

“வெளங்கல சார்.”

“அந்தப் போர்டைப் பாரு. தலைமை ஆசிரியர்னு போட்டு, பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள பொறுப்புன்னு போட்டிருக்கா இல்லையா?”

“எனக்குப் படிக்கத் தெரியாதே சார்.”

“உம்மகளைப் படிக்கச் சொல்லு” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு, சார் வேறு பக்கம் பார்த்தார். அந்தப் போர்டையும் எழுதியவள் அவள்தான். “அதாவதும்மா, உண்மையான தலைமை ஆசிரியர் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒம்பது வருசமாப் போடல. போடுற வரைக்கும் நான் பாத்துக்கிறேன். அப்பிடிப் பாத்துக்கிறவனுக்குப் பேருதான் பொறுப்பு. பொறுப்புல இருக்கிறவன் எதுக்கும் பொறுப்பாக முடியாது. முடிஞ்சா என்னைய தலைமை ஆசிரியராவே போட்டிருப்பாங்கள்ல?”

நியாயமாகத்தான் பட்டது. சந்தனம்மாள் தயங்கித் தயங்கி, ஆவணி வரைக்கும் பிள்ளைக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தால் போதும் என்றாள்.

“டி.சி. குடுத்தாச்சும்மா. டி.சி. வாங்கின பிள்ளை உள்ள வந்து உக்காந்தா அது அந்நியர் பிரவேசம்.”

“அப்ப திரும்ப எட்டாப்புலயே சேத்துக்கோங்க.”

“பாஸான பிள்ளையைத் திரும்பச் சேக்க விதியில்ல. பெயிலாயிருந்தா உக்கார வச்சிருக்கலாம்.”

“அப்ப பெயிலுன்னு போட்டுக் குடுங்க சார்.”

“பெயில் போடவே விதியில்லையேம்மா” என்றார் சார், அவளுடைய அறியாமைக்கு இரங்கி. “இதுக்கெல்லாம் யூனியன் ஆபீஸுப் பக்கத்துல ஏ.இ.ஓ. இருக்காரு. அங்க போயி யாரு பொறுப்புன்னு கேளு.”

ஏ.இ.ஓ. என்றால் உதவிக் கல்வி அலுவலர். பெயர் காளிராஜ். எண்பது பள்ளிக்கூடங்கள் அவர் கைக்குள். சந்தனம்மாள் இந்தத் தடவை உஷாராக இருந்தாள்.

“அய்யா, நீங்க பொறுப்பா, இல்ல பொறுப்பா?”

“பொறுப்புதான்மா. நாலு வருசமா பொறுப்பு” என்றார் காளிராஜ் சிரித்துக்கொண்டே. “எனக்கு மேல மாவட்டத்துல இருக்காரே, அவரும் பொறுப்பு. எங்க டிபார்ட்மெண்டே பொறுப்புலதான் ஓடுது.”

“ஊரெல்லாம் பொறுப்பா இருந்தா எம்பிள்ளைக்கு யாருய்யா?”

காளிராஜ் இதைக் கேட்டுக் கோபப்படவில்லை. அவர் நல்ல மனிதர். எதிரே இருந்த நாற்காலியைக் காட்டாமல், நிற்க வைத்தே அன்பாக விளக்கினார். “ஏம்மா, எட்டாம் வகுப்பு வாத்தியாரைக் கேட்டா ஏழாம் வகுப்புல சொல்லிக்குடுக்கலேம்பாரு. ஏழைக் கேட்டா ஆறும்பாரு. இப்பிடியே ஒண்ணாம் வகுப்புக்குப் போனா, வீட்டுலயிருந்து வந்ததே சரியில்லேம்பாரு. வீட்டுல யாரு? நீ. நீ படிச்சிருக்கியா? இல்ல. படிக்காத வீட்டுப் பிள்ளைக்குப் படிப்பு வரலேன்னா அதுல ஆச்சரியப்பட என்ன இருக்கு? படிச்ச வீட்டுப் பிள்ளைக்கு எங்க பள்ளிக்கூடம் எவ்வளவு நல்லாச் சொல்லிக்குடுக்குது தெரியுமா? எம்பிள்ளைகளையே எடுத்துக்கோ, ரெண்டும் மதுரையில இங்கிலீஷ் மீடியத்துல பிரமாதமாப் படிக்குதுங்க.”

சந்தனம்மாள் மறுபடியும் ஆவணியைப் பற்றிச் சொன்னாள். காளிராஜ் யோசித்தார். முதியோர் கல்வி என்று ஒன்று இருக்கிறது. மாலையில் எழுதப் படிக்கச் சொல்லித் தருவார்கள். சிலேட்டு இலவசம், அரிக்கேன் விளக்கு இலவசம்.

“அதுல சேத்துவிடுங்கய்யா, புண்ணியமாப் போகும்.”

“அது எழுத்தறிவு இல்லாதவுகளுக்கும்மா. இது எட்டாவது பாஸான பிள்ளை. சட்டப்படி இதுக்கு எழுதப் படிக்கத் தெரியும். தெரியாதுன்னு நான் எழுதுனா, எங்க டிபார்ட்மெண்டு குடுத்த சான்றிதழ் பொய்யின்னு ஆயிரும்.” திடீரென்று அவர் முகம் மலர்ந்தது. “ஆனா ஒண்ணு செய்யலாம். உங்க ஊரு மையத்துக்குச் சொல்லிக்குடுக்க ஆள் கெடைக்கல. தகுதி எட்டாவது பாஸ். இந்தப் பிள்ளையவே போட்டுருவோம்.”

அப்படித்தான் சௌந்தரம் கள்ளிச்செவல் முதியோர் கல்வி மையத்தின் ஆசிரியை ஆனாள். மாணவர் பட்டியலில் முதல் பெயர் சந்தனம்மாள்.

பொழுது சாய்ந்ததும் இரண்டு பேரும் அரசாங்கத்து அரிக்கேன் விளக்கை நடுவில் வைத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். கொடுத்திருந்த புத்தகத்தைப் பார்த்து மகள் சிலேட்டில் ஒரு வரி எழுதிக் காட்டினாள்.

“என்னத்தா எழுதியிருக்க?”

“தெரியலம்மா. நல்லாருக்குல்ல?”

நன்றாகத்தான் இருந்தது. சந்தனம்மாள் விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் மகளுக்குத் தெரியாமல் அழுதாள். அந்த மாத அறிக்கையில் கள்ளிச்செவல் மையம் மிகச் சிறப்பாக நடப்பதாக எழுதப்பட்டது. எழுதியவள் சௌந்தரம்.

ஆடி பிறந்து பத்து நாளில் அப்துல் பாரி தாமே ஒரு மனு எழுதிக் கொடுத்து, மாவட்ட ஆபீஸில் மக்கள் குறை கேட்கும் நாளில் கொடுக்கச் சொன்னார். எட்டு வருஷம் படித்த என் மகளுக்குப் படிக்கத் தெரியவில்லை, இதற்கு யார் பதில் சொல்வது, ஆவணிக்குள் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று நாலே வரி. சந்தனம்மாள் அடியில் ரேகை வைத்தாள். கரிமூட்டத்து விரலுக்கு மை தேவைப்படவில்லை.

மனு மாவட்டத்துக்குப் போய், முத்திரை வாங்கி, ‘உரிய நடவடிக்கைக்கு’ என்ற குறிப்போடு காளிராஜிடமே திரும்பி வந்தது. வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். இங்கே வேலியே ஓணானாக இருந்து தன்னைத்தானே விசாரித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

விசாரணை ஆடி கடைசி வாரம் பள்ளிக்கூடத்திலேயே நடந்தது. பெஞ்சுகளை ஒதுக்கி, மேஜைக்குத் துணி விரித்து, பந்தல்குடியிலிருந்து வடையும் டீயும் வரவழைத்திருந்தார்கள். காளிராஜ் நடுவில் உட்கார்ந்தார். சண்முகவேல் சார் பக்கத்தில் நின்றார். காளிராஜ் எழுந்து, நாலு பேர் இருந்த அறையில், நானூறு பேருக்குப் பேசுவது போல ஆரம்பித்தார்.

“கல்வி என்பது ஓர் ஒளிவிளக்கு! அந்த விளக்கை ஏற்றுவது எங்கள் கடமை. அதைப் பார்ப்பதும் பார்க்காததும் பிள்ளைகளின் தனிப்பட்ட விருப்பம். நமது ஒன்றியத்தில் சேர்க்கை நூறு சதவீதம், தேர்ச்சி நூறு சதவீதம், பதிவேடு நூறு சதவீதம். இவ்வளவு சதவீதங்களுக்கு நடுவில் ஒரு பிள்ளைக்குப் படிக்கத் தெரியாமல் இருக்க எங்கே இடம் இருக்கிறது?”

பேச்சு முடிந்து வடை தீர்ந்ததும் ஆதாரங்களைப் பார்க்க ஆரம்பித்தார். வாசிப்புத் திறன் பதிவேட்டைப் புரட்டினார். எட்டாம் வகுப்பு, சௌந்தரம், ‘சரளமாக வாசிக்கிறாள்’ என்று இருந்தது.

“இது யாரு எழுத்து?”

சண்முகவேல் சாரின் முகம் வெளுத்தது. சௌந்தரம் எட்டிப் பார்த்தாள். “என் எழுத்துதான் சார்” என்றாள். எழுத்தைப் பாராட்டப் போகிறார் என்று நினைத்தாள்.

“ஆறாம் வகுப்புப் பதிவேடு?”

“அதுவும் நான் எழுதுனதுதான் சார்.”

காளிராஜ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகத்தில், களவு போன மாடு தொழுவத்திலேயே நின்றதைப் பார்த்தவனின் நிம்மதி. “பாத்தியாம்மா? சரளமா வாசிக்கிறேன்னு உம்மகளே, தன் கையால, வருசா வருசம் எழுதிக் குடுத்திருக்கு. இப்ப படிக்கத் தெரியலேன்னு சொன்னா யாரை நம்புறது? டிபார்ட்மெண்டை ஏமாத்துனது யாரு?”

சந்தனம்மாளுக்கு ஏதோ தலைகீழாகப் போகிறது என்று தெரிந்தது, எங்கே திரும்பியது என்று தெரியவில்லை. “அய்யா, சார் எழுதச் சொன்னாரு, அது எழுதிச்சு. எம்பிள்ளைக்கு இன்னைக்கும் படிக்கத் தெரியலய்யா. நீங்க வேணா இப்பவே…”

“படிக்கத் தெரியாத பிள்ளை எழுதுமா? ஊருல போயி கேளு, சிரிப்பாங்க” என்றார் காளிராஜ். பிறகு குரலைத் தணித்தார். “பயப்படாத. பிள்ளையோட எதிர்காலத்தை நான் கெடுக்க மாட்டேன். எல்லாத்தையும் நல்லபடியா முடிச்சு வைக்கிறேன்.”

கரும்பலகை துடைக்கப்பட்டது. காளிராஜே சாக்பீஸ் பிடித்து எட்டு வரி எழுதினார். அந்தப் பலகையில் ஒரு கல்வி அதிகாரி பாடம் எழுதியது அதுவே முதல் தடவை. “பாத்து எழுதுத்தா” என்றார். சௌந்தரம் கார்பன் வைத்து எழுதினாள். இதுவரை எழுதியதிலேயே அழகாக எழுதினாள்; பெரிய ஆபீசர் முன்னால் அம்மாவுக்குப் பெருமை சேர்க்க வேண்டும் என்று நினைத்தாள். கீழே கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில் சந்தனம்மாள் ரேகை வைத்தாள்.

“இனிமே சொல்லிக்குடுப்பாகளாய்யா?”

“எல்லாம் இதுல எழுதியிருக்கும்மா” என்றார் காளிராஜ்.

நகலைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, அன்றைக்கே அம்மாவும் மகளும் அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறினார்கள். பாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். இரண்டாவது வரியில் நிறுத்தினார். “சத்தமாப் படிங்க பாய்” என்றாள் சந்தனம்மாள்.

“எனக்குத் தமிழைப் பிழையின்றி எழுதவும் படிக்கவும் நன்றாகத் தெரியும். என் ஆசிரியர்கள் என்னைத் தம் பெற்ற பிள்ளையைப் போலக் கருதிக் கற்பித்தார்கள். அவர்கள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. என் தாயார் எழுத்தறிவற்றவர். அறியாமையாலும் பிறர் தூண்டுதலாலும் பொய்யான மனுக் கொடுத்துவிட்டார். அதற்காக நான் வெட்கப்படுகிறேன்.”

அதற்கு மேலும் இருந்தது. பாரியால் படிக்க முடியவில்லை. சௌந்தரம் அவர் கையில் இருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்கம்மாவ நானா இப்பிடி எழுதுனேன்?” என்றாள். பாரி தாளை மடித்துச் சந்தனம்மாளிடம் நீட்டினார்.

ஆவணி பிறந்தது. பாரி நல்லவர்தான், ஆனால் சிட்டைகள் காத்திருக்காது. பாளையம்பட்டியிலிருந்து வந்த ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தார். அவள் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தது, படிக்கத் தெரிந்திருந்தது. சௌந்தரம் அம்மாவோடு கரிமூட்டத்துக்குப் போனாள். முதல் வாரமே இருமல் வந்துவிட்டது.

இதோடு விட்டிருந்தால் கல்வித் துறை கல்வித் துறையாக இருக்காது. மாவட்டத்துக்குப் போன அந்த வாக்குமூலத்தைப் பார்த்த பெரிய அதிகாரி (பொறுப்பு) கையெழுத்தில் மயங்கிவிட்டார். ‘நம் பள்ளி மாணவியின் தரத்தைப் பாரீர்’ என்று தலைப்புப் போட்டு, காளிராஜின் ஆபீஸ் வாசலில் இருந்த பலகையில் அதை ஒட்டச் சொன்னார். காளிராஜுக்குப் பாராட்டுக் கடிதமும் வந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று படித்தார்கள்.

சந்தனம்மாள் கரி லோடோடு அந்தப் பக்கம் போனபோது பலகையைப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் மகளின் எழுத்து எந்தக் கூட்டத்திலும் தெரியும். முன்னால் நின்ற இரண்டு பேர், “பாருய்யா, பெத்த தாயைப் பத்தி எப்பிடி எழுதியிருக்குன்னு” என்று சொல்லிச் சிரித்தார்கள். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், அந்தத் தாளைப் பிய்த்து, நாலாகக் கிழித்து, எட்டாகக் கிழித்து, ஆபீஸ் வாசலிலேயே போட்டுவிட்டு வந்தாள்.

ஒரு பிள்ளையின் எட்டு வருஷம் எங்கே போனது, அதற்கு யார் பொறுப்பு என்று மூன்று மாதமாகக் கண்டுபிடிக்க முடியாத துறை, ஒரு தாள் கிழிந்ததற்கு யார் பொறுப்பு என்று அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டது. சாட்சிகள் கிடைத்தார்கள். விதி கிடைத்தது. அரசு ஆவணத்தைச் சேதப்படுத்தியதாகச் சந்தனம்மாளுக்கு ஓலை வந்தது. அவள் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி எதுவும் இல்லை.

திங்கட்கிழமை அம்மாவும் மகளும் காளிராஜ் முன்னால் நின்றார்கள். சண்முகவேல் சாரையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் சுவரோரமாக நின்றார்.

“போலீசுக்குப் போனா என்ன ஆகும் தெரியுமா?” என்றார் காளிராஜ். “ஆனா நான் அப்பிடிப்பட்டவன் இல்ல. மன்னிப்புக் கடுதாசி ஒண்ணு இருந்தாப் போதும். நானே எழுதி வச்சிருக்கேன். பிள்ளை இதைப் பாத்து அதே மாதிரி அழகா எழுதட்டும். பலகையில இது இருக்கட்டும்.”

ஒரு தாளையும் வெறுந்தாள் ஒன்றையும் பேனாவையும் சௌந்தரத்தின் பக்கம் தள்ளினார். அவள் பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். கரி ஏறின விரல்கள்.

“இதுல என்ன எழுதியிருக்கு சார்?”

“மன்னிப்புதான். எழுது.”

“படிச்சுக் காட்டுங்க சார்.”

“எனக்கு ஆயிரம் வேலை இருக்கு. பாத்து எழுதுன்னா எழுது.”

சௌந்தரம் மூடியைத் திரும்ப மாட்டி, பேனாவை மேஜை மேல் வைத்தாள். “எனக்கு எழுதத் தெரியாது சார்.”

“தெரியாதா? போன மாசம் எழுதுனியே. ஜில்லாவே பாராட்டுச்சே!”

“அது எழுதுனது இல்ல சார். வரைஞ்சது. மூணாப்புலயிருந்து எல்லாமே வரைஞ்சதுதான்.” பேனாவை இன்னும் தள்ளி வைத்தாள். “நம்ம ஸ்கூல்ல நான் ஒரு வார்த்தைகூட எழுதுனதில்ல சார். சார்கிட்ட வேணா கேளுங்க.”

சண்முகவேல் சார் தரையைப் பார்த்தார். காளிராஜ் அவரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். முப்பது வருஷ சர்வீஸ் அவரைக் கைவிடவில்லை. மன்னிப்புக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வெறுந்தாளை மட்டும் அவள் பக்கம் நகர்த்தினார்.

“சரி. அப்ப எனக்கு எழுதத் தெரியாதுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போ.”

சந்தனம்மாள் அந்தத் தாளை எடுத்தாள். மூன்று மாதமாக அய்யா, சார் என்று குழைந்த குரல் இப்போது வேறாக இருந்தது.

“எம்பிள்ளைக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒமக்குத் தெரியும்ல? நீரு எழுதும். எட்டு வருசம் இந்தப் பிள்ளைய எழுத்து வேலைக்கு வச்சிருந்தோம், ஒரு எழுத்தும் சொல்லிக்குடுக்கல, அதனால இது இன்னைக்குக் கரியில கெடந்து இருமுதுன்னு எழுதும். எழுதிப் படிச்சுக் காட்டும். அதைப் பலகையில ஒட்டுவோம். எழுதுற வரைக்கும் நாங்க எங்கயும் போகல.”

சொல்லிவிட்டுத் தாளை அவர் முன்னால் வைத்தாள். எதிரே இருந்த நாற்காலியை இழுத்து மகளை உட்கார வைத்து, இன்னொன்றை இழுத்துத் தானும் உட்கார்ந்தாள். வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. சௌந்தரம் இருமினாள்.

காளிராஜ் பேனாவை எடுத்தார். தாளைப் பார்த்தார். மேலே பார்த்தார். சுவரைப் பார்த்தார். பார்த்து எழுத எதிரில் ஒன்றும் இல்லாததால், அவருக்கு எழுத வரவில்லை.